பத்து சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி?

கணக்கு எனக்கு வராது என்ற எண்ணத்தோடுதான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும், பிள்ளை பிறந்த பிறகும் அந்த எண்ணம் என்னை விடவில்லை. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் பார்ப்பேன். காகிதத்தில் எண்களை எழுதி ஒன்றை இன்னொன்றால் வகுக்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் மனம் பின்வாங்கிவிடும். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்வெட்டர் பின்னும் கைவேலையில் நான் பல வருடம் அடுத்தவர் எழுதிய பேட்டர்னை வரிக்கு வரி பின்பற்றி வந்ததற்கு இந்தப் பயம்தான் காரணம். பேட்டர்ன் கேட்கும் அதே கனத்தில் நூல் கிடைத்தால் பின்னுவேன். கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடித்த பேட்டர்னாக இருந்தாலும் மடித்து உள்ளே வைத்துவிடுவேன். நூலுக்கு ஏற்றபடி எண்களை மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கைவேலை எனக்குச் சொந்தமானது. அந்தக் கணக்கையும் அதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் என்னைப் போலத் தயங்கி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது விருதுநகர் பக்கம். அங்கே குளிர் என்றால் மார்கழி விடியற்காலைதான். கல்யாணமாகிக் குன்னூர் வந்த பிறகுதான் கம்பளி ஆடை எவ்வளவு அவசியமான பொருள் என்பது உடம்புக்கு உறைத்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இன்னும் மேலே ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். என் கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்து வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் இரவு ஷிப்ட் உண்டு. இரவெல்லாம் தேயிலை உலர்த்தும் அடுப்பின் வெக்கையில் நின்றுவிட்டு, விடியும் நேரத்தில் மலைப்பாதையில் நடந்து வீடு வருவார். அந்த நடைக்கு அவருக்கு நல்ல ஸ்வெட்டர் ஒன்று வேண்டும், அதை நானே பின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. கான்வென்ட்டில் கைவேலை வகுப்பில் கற்றவர். பேசிக்கொண்டே பின்னுவார், ஊசியைப் பார்க்கவே மாட்டார். எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும் என்பதை மனதுக்குள்ளேயே கணக்கிட்டுவிடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் பொறாமை எழும். அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய ஆங்கிலப் பெண்கள் பத்திரிகைத் தாள்களிலிருந்துதான் எனக்கு அந்தப் பேட்டர்ன் கிடைத்தது. வி கழுத்து வைத்த ஆண்கள் ஸ்வெட்டர். உடல் முழுவதும் நிட், பர்ல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எழுப்பிய டைமண்ட் டிசைன். அதைப் பார்த்த அன்றே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தத் தாள் கேட்டது 4 பிளை கம்பளி நூல், 10 ஆம் நம்பர் ஊசி. மெல்லிய நூல் அது. கண்ணி அளவு என்ற இடத்தில், 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 28 கண்ணி, 36 வரிசை வர வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் கடைத்தெருவில் கிடைத்ததோ வேறு நூல். நீலகிரிக்கென்றே மெல்லிய ரோமம் தரும் செம்மறி ஆட்டு இனம் ஒன்று இருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்காக ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் கடை அலமாரியில் இருப்பது பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூலும் அக்ரிலிக் கலந்த கம்பளியும்தான். நல்ல நிறத்தில், கைக்கு மிருதுவாக ஒரு சாம்பல் நூல் இருந்தது. 8 ஆம் நம்பர் ஊசிக்கு ஏற்ற கனம். வெளிநாட்டுப் பேட்டர்ன்களில் டபுள் நிட்டிங் என்று சொல்வார்களே, அந்த வகை. அதை வாங்காமல் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்.

"நூல் கொஞ்சம் தடிமனா இருந்தா என்னம்மா? புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் ஒரே அளவா தண்ணி வைக்கிறோம்? சோறு நமக்கு வேணுங்கிற பதத்துல வரணும். முதல்ல ஒரு துண்டு பின்னிப் பாரு."

"அப்புறம் கணக்கு போடணுமேக்கா."

"போடு. அவருக்கு எவ்வளவு அகலம் வேணும்னு உனக்குத் தெரியும். உன் கையில எத்தனை கண்ணி வருதுன்னு துண்டு சொல்லும். வேற என்ன வேணும்?"

மறுநாளே போய் நூலை வாங்கி வந்தேன்.

முதல் பாடம் அந்தத் துண்டு. வேலை தொடங்குமுன் பின்னிப் பார்க்கும் சாம்பிள் சதுரம். அதை நேரத்தை வீணடிக்கும் சடங்காகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்வெட்டரின் எல்லா எண்களும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. 10 சென்டிமீட்டரை அளக்க வேண்டுமானால் துண்டு 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஓரத்துக் கண்ணிகள் இழுபட்டும் சுருண்டும் பொய் சொல்லும். நடுவில் இருப்பவைதான் உண்மையான அளவைக் காட்டும். எந்த டிசைனில் ஆடை வரப்போகிறதோ அதே டிசைனில் துண்டையும் பின்ன வேண்டும். கேபிள் முறுக்கு வைத்த துணி அகலத்தில் சுருங்கும், சாதாப் பின்னல் அப்படிச் சுருங்காது. பிறகு, ஆடையை எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துண்டையும் துவைத்து, சமதளத்தில் விரித்து, முழுக்கக் காய்ந்த பிறகு அளக்க வேண்டும். கம்பளி நீரில் நனைந்து காயும்போது தளர்ந்து விரியலாம். பருத்தி தன் கனத்திலேயே கீழே இறங்கும். அக்ரிலிக் நூலில் இஸ்திரிச் சூடு பட்டால் அதன் துள்ளல் போய்விடும், போனது திரும்பாது.

அளப்பதற்கு முன் இன்னொன்றும் செய்ய அக்கா சொல்லிக்கொடுத்தார். துண்டைக் கையில் எடுத்து மடித்துப் பார்ப்பது, தொங்கவிட்டுப் பார்ப்பது, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. அட்டைபோல விறைத்து நின்றால் ஊசி மெல்லியது. ஒரு அளவு பெரிய ஊசிக்கு மாற வேண்டும். வலைபோல ஓட்டை தெரிந்தால் ஊசி பெரியது. நூலை மாற்றிய பிறகு பழைய பேட்டர்னின் கண்ணி அளவை எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்று ஊசியை மாற்றிக்கொண்டே போகக் கூடாது. தடித்த நூலை 10 ஆம் நம்பர் ஊசியில் இறுக்கிப் பின்னினால் 28 கண்ணிக்குப் பக்கத்தில் வந்தாலும் வரும். ஆனால் அது உடுத்தத் தகாத துணியாக இருக்கும். இந்த நூலுக்கு அழகான துணி எந்த ஊசியில் வருகிறது என்று பார்த்து அதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு வரும் எண் எதுவோ, அதுவே நம் எண்.

எனக்கு 8 ஆம் நம்பர் ஊசியில், 10 சென்டிமீட்டரில் 22 கண்ணியும் 30 வரிசையும் வந்தன.

ஊசி நம்பரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் புழங்குவது பழைய ஆங்கிலேய எண் முறை. அதில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். 10 என்றால் 3.25 மில்லிமீட்டர், 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க முறை இதற்கு நேர் எதிர். எண் கூடினால் ஊசியும் தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். பேட்டர்ன் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்க்காமல் நம்பரை மட்டும் நம்பினால் தொடக்கத்திலேயே வழி மாறிவிடும். மில்லிமீட்டரில் பேசினால் குழப்பமே இல்லை.

என் எண் கிடைத்தது. அடுத்து வகுக்க வேண்டிய இடம். காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மகள், தன் வீட்டுப்பாட நோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளியில் அப்போது அவளுக்கு விகிதம் நடந்துகொண்டிருந்தது.

"பத்து சென்டிமீட்டருக்கு இருபத்திரெண்டுன்னா ஒரு சென்டிமீட்டருக்கு ரெண்டு புள்ளி ரெண்டு. அம்பது சென்டிமீட்டர் வேணும்னா அம்பதால பெருக்கு. அவ்வளவுதாம்மா."

அவ்வளவுதான். இத்தனை வருடம் நான் அஞ்சி ஒதுங்கியிருந்தது இந்த ஒரு பெருக்கலைக் கண்டு. என் பயத்தை அவளிடம் அன்று வெளிப்படையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஒவ்வொண்ணா போடலாம்மா" என்று பென்சிலைச் சீவினாள்.

அவருடைய மார்பளவு 90 சென்டிமீட்டர். சட்டைக்கு மேல் வசதியாகப் போட 10 சென்டிமீட்டர் தளர்ச்சி சேர்த்தால் மொத்தச் சுற்றளவு 100. பின்பக்கத்துக்குப் பாதி, 50 சென்டிமீட்டர். பேட்டர்னும் அந்த அளவுக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. 2.8 கண்ணி வீதம் 140 கண்ணி ஏற்றச் சொல்லியிருந்தார்கள். என் நூலில் 2.2 வீதம் 110 கண்ணி. அந்த 140 எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. யாரோ ஒருவர் தன் நூலில் ஒரு துண்டு பின்னி, அளந்து, பெருக்கி எழுதிய எண் அது. அந்த நூலுக்கும் அந்தக் கைக்கும் அது சரி. எனக்கு அது கட்டளை ஆகாது. பேட்டர்னிலிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டியது 50 சென்டிமீட்டர் என்ற அளவை மட்டுமே.

துண்டை அளப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதையும் இதே கணக்கு காட்டும். 10 சென்டிமீட்டரில் 22 என்று நான் எண்ணியது உண்மையில் 23 ஆக இருந்தால், சுற்றளவுக்கு ஏற்றிய 220 கண்ணி 100 சென்டிமீட்டருக்குப் பதில் சுமார் 95.7 தான் வரும். ஒரே ஒரு கண்ணி 4 சென்டிமீட்டருக்கு மேல் விழுங்கிவிடுகிறது. அரைக் கண்ணியைக்கூட விட்டுவிடாமல் எண்ண வேண்டும்.

பார்டர் இரண்டு நிட், இரண்டு பர்ல். இரு ஓரமும் ஒரே மாதிரி அமைய, நான்கின் மடங்கோடு இரண்டு கூட வேண்டும். 110 அதற்குச் சரியாகப் பொருந்தியது. பொருந்தாவிட்டால் ஒன்றிரண்டு கண்ணி கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். ஒரு கண்ணி என்பது இந்தக் கனத்தில் அரை சென்டிமீட்டர்கூட இல்லை.

டிசைனில்தான் வெறும் பெருக்கல் போதாமல் போனது. ஒரு டைமண்டுக்கு 14 கண்ணி, 20 வரிசை. பேட்டர்னில் 140 கண்ணிக்குப் பத்து டைமண்ட் கச்சிதமாக அமைந்திருந்தது. டைமண்டை 11 கண்ணியாகச் சுருக்க முடியாது, வடிவம் கெட்டுவிடும். அதே 14 கண்ணியோடு எடுத்தால் ஒவ்வொரு டைமண்டும் 5 சென்டிமீட்டருக்குப் பதில் 6.4 சென்டிமீட்டர் அகலம் வரும். எண்ணிக்கைதான் குறைய வேண்டும். எட்டு டைமண்ட் என்றால் 112 கண்ணி. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடும். ஏழு என்றால் 98 கண்ணி. மீதி 12 கண்ணியைப் பக்கத்துக்கு ஆறாகச் சாதாவாக விட வேண்டும். நான் ஏழை எடுத்தேன். பக்கவாட்டில் தையல் வரும் இடத்தில் டிசைன் அரைகுறையாக வெட்டுப்படாது. கைக்குழிக்காக முதலில் மூடும் கண்ணிகளையும் அந்தச் சாதாப் பகுதியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

உயரத்துக்கும் இதே வழி. பார்டருக்கு மேலிருந்து கைக்குழி வரை 33 சென்டிமீட்டர். பழைய நூலில் அது ஏறத்தாழ 119 வரிசை, ஆறு டைமண்ட். என் நூலில் 99 வரிசை, ஐந்து டைமண்ட். பத்துக்கு ஏழாகவும் ஆறுக்கு ஐந்தாகவும் குறைந்தபோது டிசைன் பெரிதாகி, தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. மெல்லிய நூலில் அது வேறோர் அழகு. இது இந்த நூலின் அழகு. இரண்டையும் ஒன்றாக்க முயலாமல் இருப்பதே நல்லது.

கைக்குழியில் பேட்டர்ன் சொன்னது, இரு பக்கமும் 8 கண்ணி மூடி, பிறகு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பக்கத்துக்கு ஒரு கண்ணியாகப் பத்து முறை குறைக்க வேண்டும் என்பது. மிச்சம் 104 கண்ணி. அளவில் பார்த்தால் இரு தோளுக்கும் இடையே சுமார் 37 சென்டிமீட்டர். என் நூலில் 37 சென்டிமீட்டருக்கு 82 கண்ணி வேண்டும். 110 இலிருந்து 82 க்கு வர 28 குறைய வேண்டும், பக்கத்துக்கு 14. முதலில் 6 மூடி, மீதி எட்டை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். அந்த ஆறு கண்ணிதான் நான் ஓரத்தில் சாதாவாக விட்டிருந்தவை. அவற்றை மூடியதும் ஊசியில் சரியாக 98 கண்ணி, ஏழு டைமண்ட் நின்றது. என் வாழ்க்கையில் ஒரு கணக்கு விடையைப் பார்த்து மனம் நிறைந்தது அப்போதுதான்.

வி கழுத்துக்கும் தோளுக்கும் இதே போலத்தான். தோள் 10 சென்டிமீட்டர் என்றால் 22 கண்ணி. இரண்டு தோளுக்கும் 44 போக நடுவில் 38. வி வடிவம் வர, பக்கத்துக்கு 19 குறைத்தல். 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 60 வரிசை. அந்த 60 க்குள் பத்தொன்பதையும் சீராகப் பரப்ப, இரண்டாம் வரிசையில் எட்டு முறையும் நான்காம் வரிசையில் பதினோரு முறையும் குறைத்தால் கணக்கு நேராகிறது. கழுத்துப் பார்டருக்குக் கண்ணி எடுக்கும்போதும் அந்த 22, 30 விகிதமே வழிகாட்டும். ஏறத்தாழ மூன்றுக்கு நான்கு; ஆகவே நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி எடுத்தால் பார்டர் சுருங்காமலும் அலைபோல விரியாமலும் படியும்.

கை பின்னுவதில்தான் வரிசைக் கணக்கின் அருமை தெரியும். பேட்டர்ன் மணிக்கட்டில் 62 கண்ணியில் தொடங்கி, எட்டு வரிசைக்கு ஒருமுறை இரு ஓரமும் ஒவ்வொன்று கூட்டி, 38 சென்டிமீட்டரில் 96 கண்ணிக்குப் போகிறது. பதினேழு முறை கூட்டுதல். என் நூலில் மணிக்கட்டுக்கு 22 சென்டிமீட்டர், பார்டருக்குப் பொருந்த 50 கண்ணி. மேல்கைக்கு 34 சென்டிமீட்டர், 76 கண்ணி. வித்தியாசம் 26, அதாவது பதின்மூன்று முறை கூட்டுதல். எட்டு வரிசைக்கு ஒருமுறை என்ற அதே சொல்லைப் பின்பற்றினால் 104 வரிசையில் கூட்டுதல் முடிந்துவிடும். எனக்கு 38 சென்டிமீட்டர் என்பது 114 வரிசை. கை சீராக விரியாமல், மேலே ஒரு துண்டு மட்டும் நேராக நிற்கும். எட்டு முறை எட்டாம் வரிசையிலும் ஐந்து முறை பத்தாம் வரிசையிலும் கூட்டினால் 64 உம் 50 உம் சேர்ந்து 114 ஆகிவிடுகிறது. மகள் இதைக் கண்டுபிடித்தபோது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வரிசைக் கணக்கு பிசகினால் பரவாயில்லை, நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளலாம் என்பார்கள். நேராகப் போகும் உடல் பகுதிக்கு அது சரி. சாய்ந்து போகும் இடங்களான கை, கழுத்து, கைக்குழி ஆகியவற்றுக்கு வரிசைக் கணக்கு துல்லியமாகத் தெரிந்தே ஆக வேண்டும்.

நூல் எவ்வளவு வாங்குவது? இங்கே எடைக்கு எடை மாற்றக் கூடாது. அந்தப் பேட்டர்ன் கேட்ட 4 பிளை நூல் 400 கிராம். 100 கிராமுக்கு 400 மீட்டர் என்று வைத்தால் 1,600 மீட்டர். தடித்த நூலில் கண்ணிகளின் எண்ணிக்கை குறையும்; ஆனால் ஒவ்வொரு கண்ணியும் அதிக நூலை எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து, தேவையான நீளம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகும். சுமார் 1,280 மீட்டர். ஆனால் டபுள் நிட்டிங் கனத்தில் 100 கிராமுக்கு சுமார் 230 மீட்டர்தான் இருக்கும். ஆக, கிட்டத்தட்ட 560 கிராம் தேவை. நீளம் குறைகிறது, எடை கூடுகிறது. பேட்டர்னில் இருக்கும் 400 கிராமை அப்படியே வாங்கினால் ஒரு கை பின்னும் முன்பே நூல் தீர்ந்துவிடும்; அதே சாய லாட் மறுபடி கிடைப்பது அரிது. நான் 600 கிராம் வாங்கினேன். மீந்த நூல் பின்னாளில் முழங்கை தேய்ந்தபோது பயன்பட்டது.

லேபிள் இல்லாத நூல் கிடைத்தால் அதன் கனத்தை அறிய எளிய வழி உண்டு. ஸ்கேலின் மேல் நூலை இறுக்காமல், நெருக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். கனம் தெரிந்த நூலையும் பக்கத்திலேயே சுற்றிப் பார்த்தால் எது தடித்தது, எவ்வளவு தடித்தது என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் நூல்களை 0 முதல் 7 வரை கன வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவர்கள் அளவுப்படி சாதாப் பின்னலில் 10 சென்டிமீட்டருக்கு 1 ஆம் வகை 27 முதல் 32 கண்ணி, 3 ஆம் வகை 21 முதல் 24, 4 ஆம் வகை 16 முதல் 20. என் சாம்பல் நூல் 3 ஆம் வகையில் அடங்கியது. பேட்டர்னின் நூல் 1 ஆம் வகை. ஒன்றிரண்டு வகை தள்ளிப் போவது எளிது. அதற்கு மேல் தாண்டினால் கணக்கு சரியாக வந்தாலும் ஆடை வேறு பொருளாகிவிடும். மெல்லிய லேஸ் சால்வையை மிகத் தடித்த நூலில் பின்னினால் அதன் காற்றோட்டம் போய்ப் போர்வை ஆகிவிடும். மிகத் தடித்த துணி உள்பக்க இடத்தையும் எடுத்துக்கொள்வதால் தளர்ச்சியும் கூடுதலாக வைக்க வேண்டும்.

பின்னாளில் எலிசபெத் சிம்மர்மான் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில் 1910 இல் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 1999 இல் மறைந்த பின்னல் ஆசிரியை. 1971 இல் வெளிவந்த அவருடைய 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' உலகெங்கும் பின்னுபவர்கள் போற்றும் புத்தகம். தன் துண்டின் கண்ணி அளவை உடல் சுற்றளவால் பெருக்கி ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்வெட்டரின் மற்ற பகுதிகளெல்லாம் அதன் சதவீதங்களே என்பது அவர் காட்டிய வழி. மணிக்கட்டுக்கு சுமார் 20 சதவீதம், மேல்கைக்கு 33 முதல் 40 வரை, கழுத்துக்கு 40. என் மொத்த எண் 220. அதில் 35 சதவீதம் 77. என் மகளும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்டது 76. உடம்பின் அளவுகளுக்குள் ஒரு விகிதம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த நூலில் பின்னினாலும் அது மாறாது. அந்தப் பழைய தாளை எழுதியவருக்கும், சிம்மர்மானுக்கும், குன்னூரில் பென்சிலோடு உட்கார்ந்த எங்களுக்கும் அது ஒன்றுதான்.

ஸ்வெட்டர் முடிந்தது. தோளில் படிந்தது, கை மணிக்கட்டில் நின்றது. அவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது. அதன் பிறகு மகளின் கணக்கு நோட்டைப் பார்க்க நான் பயப்படவில்லை. வங்கிக் கடனின் வட்டியை நானே போட்டுப் பார்க்கிறேன். கணக்கு எனக்கு வராது என்பது உண்மையே இல்லை. எனக்கு அக்கறையுள்ள ஒன்றின் மேல் வைத்து யாரும் எனக்குக் கணக்கைக் காட்டியதில்லை, அவ்வளவுதான். என்னைப் போல எத்தனையோ பெண்கள் தையலிலும் சமையலிலும் கோலத்திலும் நாள்தோறும் கணக்குப் போட்டுக்கொண்டே தங்களுக்குக் கணக்கு தெரியாது என்று நம்பி வாழ்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கைவிடுங்கள் என்று அவர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பிடித்த பேட்டர்ன் ஒன்று உங்களிடம் இருந்து, அது கேட்கும் நூல் கிடைக்கவில்லை என்றால் மடித்து வைத்துவிடாதீர்கள். கிடைக்கிற நல்ல நூலை வாங்குங்கள். 15 சென்டிமீட்டர் துண்டு ஒன்று பின்னித் துவைத்துக் காயவைத்து அளவெடுங்கள். பேட்டர்னில் உள்ள கண்ணி எண்ணிக்கைகளை எல்லாம் சென்டிமீட்டராக மாற்றி ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் எண்களை எழுதுங்கள். துண்டையும் அந்தப் பக்கத்தில் குத்தி வையுங்கள். அடுத்த ஸ்வெட்டருக்கு உதவும். கணக்கில் ஐயம் வந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இருவருக்குமே அது நல்லது.